பின்னால் கேட்ட குரல்

பரங்கிப்பேட்டையில் இருக்கும் என் நண்பனின் மனைவியை நான் மொத்தமாக நாலைந்து தடவைதான் நேரில் பார்த்திருப்பேன். அதுவும் கல்யாணம், வீடு குடிபுகுவது என்று கூட்டத்தில், தூரத்தில். அவர்கள் வீட்டுக்குப் போனால் நான் முன்னறையில் உட்காருவேன். திரைக்கு இந்தப் பக்கம் டீ வரும், அவர் வரமாட்டார். நானும் யார் வீட்டிலும் நிமிர்ந்து பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் அவருடைய குரல் எனக்கு நன்றாகத் தெரியும். மார்க்கெட் இரைச்சலில் கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். பல வருஷமாக அநேகமாக தினமும் கேட்ட குரல் அது.

நாங்கள் மூன்று பேர். வாலிபத்தில் சிதம்பரத்தில் ஒரு பாட்டுப் பதிவுக் கடையில் ஒன்றாக வேலை பார்த்தோம். பிடித்த பாட்டுகளைச் சொன்னால் காலி கேசட்டில் ஏற்றிக் கொடுக்கிற கடை. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கேசட் அட்டைகளில் பாட்டு வரி எழுதி எழுதித்தான் என் கையெழுத்து ஒரு வழிக்கு வந்தது. கடை மூடுவதற்கு முன்பே பரங்கிப்பேட்டைக்காரன் சவுதிக்குப் போய்விட்டான். பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து மளிகைக் கடை போட்டான். இன்னொருவன் சிதம்பரத்திலேயே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான். நான் கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஐஸ் உடைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நாள் முழுதும் நின்று வீட்டுக்கு வந்தால் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதனாலோ என்னவோ, சுத்தமான சத்தத்தின் மேல் எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலில், சர்ச்சில், மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் பார்த்துக்கொள்வது நான்தான். தூணுக்குப் பின்னால் உட்காரலாம், யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் வந்த பிறகு மூன்று பேரும் ஒரு குழுவில் மறுபடி சேர்ந்தோம். அதில் பேசுவது இரண்டே விஷயம். ஒன்று வீடு. மகள் பாஸ் பண்ணியது, மாடு கன்று போட்டது, புது மிக்ஸி வாங்கியது, பேரன் குப்புற விழுந்தது. இன்னொன்று சத்தம். எந்த இயர்போனில் பாட்டு எப்படிக் கேட்கிறது, எந்த ஸ்பீக்கரில் அடிச்சத்தம் ஜாஸ்தி, பாட்டைச் சுருக்கி ஏற்றினால் என்ன போகிறது. ரொம்பச் சுருக்கி 128-ல் ஏற்றிய பாட்டில் ஜால்ராவைக் கேட்டால் யாரோ தண்ணிக்குள் உட்கார்ந்து தட்டுகிற மாதிரி இருக்கும் என்பான் சிதம்பரத்துக்காரன். பரங்கிப்பேட்டைக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவ்வளவு சுருக்காத 320-ல் கேட்டாலும் உனக்கு அப்படித்தான் கேட்கும், காதில் தண்ணி போயிருக்கும், முதலில் டாக்டரைப் பார் என்பான். எல்லாம் குரல் பதிவுகள்தான். டைப் அடிக்க இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது.

நான் பேசி அனுப்பியதே இல்லை. பட்டனை அழுத்தியதும் விரலை எடுத்துவிடுவேன். கட்டைவிரல் படம் போடுவேன், அதோடு சரி. ஆனால் வேலை விட்டு வந்து குளித்ததும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஒன்றையும் அழிக்க மாட்டேன்.

பரங்கிப்பேட்டைக்காரன் எப்போதும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பேசுவான். அவன் பேச்சுக்குப் பின்னால் அவன் மனைவி இருப்பார். அடுக்களையிலிருந்தோ கொல்லைப் பக்கமிருந்தோ அவன் சொல்வதைத் திருத்திக்கொண்டே இருப்பார். அவனுடைய பதிவுகளை நாங்கள் ஆவலாகக் கேட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஒரு தடவை அவன், பேரனுக்கு மூன்று பல் முளைத்துவிட்டது என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தான்.

"மூணு எங்க இருக்கு? ரெண்டுதான். ஊரெல்லாம் பொய் சொல்லாதீங்க" என்றது பின்னால் குரல்.

"இவளுக்குக் கண்ணு சரியில்ல மச்சான்."

"உங்களுக்குத்தான் எண்ணத் தெரியல. கடையில எப்படித்தான் மிச்சம் குடுக்குறீங்களோ."

அந்தக் குரலில் ஒரு வெண்கலம் இருந்தது. கடைசி எழுத்தை விழுங்காத, நடு வீட்டிலிருந்து தெருமுனை வரை போகிற குரல். மைக் இல்லாமலே எங்கள் கோயிலின் பின்வரிசை வரைக்கும் எட்டும். அவர் திட்டினாலும் கேட்பவனுக்குச் சிரிப்புதான் வரும். ஒரு நாள் அவன் என்னைப் பற்றி ஏதோ சொல்ல, "அந்த ஒரு அண்ணன் பேசவே மாட்டாங்களே, இருக்காங்களா, தூங்கிட்டாங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது. வழக்கம்போல் கட்டைவிரல் போட்டேன்.

அப்புறம் துபாயில் இருக்கும் மருமகன் அவனுக்கு ஒரு புது போன் கொண்டுவந்தான். அதில் ஒரு வசதி. வாய்க்கு நேரே பேசுகிறவன் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற சத்தத்தையெல்லாம் நீக்கிவிடும். ஃபேன், மிக்ஸி, தெருவில் போகும் வண்டி, எதுவும் வராது. அவனே தேடிக் கண்டுபிடித்து அதைப் போட்டு வைத்தான். முதல் பதிவைக் கேட்டதும் சிதம்பரத்துக்காரன், ரேடியோ ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது மச்சான் என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. இவ்வளவு சுத்தமாக ஒரு செல்போன் பதிவை அதற்கு முன் கேட்டதில்லை. எப்போதாவது அவன் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவான், யாருக்கோ பதில் சொல்வான், சிரிப்பான். எதற்குச் சிரித்தான் என்று நமக்குத் தெரியாது. அவன் நிறுத்திய இடத்தில் ஒன்றுமே இருக்காது. துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போனது.

போன மழைக்காலத்தில் ஒரு பதிவு வந்தது. வீட்டில் தொண்டை கம்மிப்போய் மூன்று மாதமாகச் சரியாகவில்லை, சளி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தோம், புதுச்சேரிக்கு அழைத்துப் போகிறேன், துஆ செய்யுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள் என்றான். அடுத்த பதிவு ஒரு வாரம் கழித்து வந்தது. ரொம்பச் சின்னது. கட்டியாம். குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டுமாம். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போதும் அவன் குரல் சுத்தமாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்திய வாரம் அவன் சிதம்பரத்துக்காரன் கடைக்கு வந்து, என்னையும் வரச் சொன்னான். நான் லீவு போட்டுவிட்டு மதிய ரயிலில் போனேன். கடையில் கூட்டம் இல்லை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து கையில் ஒரு துணிப்பையை வைத்திருந்தான். ஆள் இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டான். நான் இன்னொரு ஸ்டூலை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மனைவியின் குரல் ஒரு பதிவாவது தன்னிடம் இருக்க வேண்டும். இப்போதிருக்கிற கம்மல் குரல் இல்லை, பழைய குரல். இப்போது பேசினால் காகிதம் உரசுகிற மாதிரிதான் வருகிறதாம். அதையும் யாரும் கேட்கக் கூடாது என்று அவர் பேசுவதையே குறைத்துவிட்டாராம்.

வீட்டில் சொல்லிவிட்டாயா என்று சிதம்பரத்துக்காரன் கேட்டான். சொன்னால் வேண்டாம் என்பாள், அதனால் சொல்லவில்லை என்றான்.

பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தான். அவன் சவுதியில் இருந்த காலத்தில் போன் பேசுவது எட்டாத காரியம். பரங்கிப்பேட்டையில் அப்போது நிறைய வீடுகளில் கேசட்டில்தான் பேசி அனுப்புவார்கள். ஊரிலிருந்து போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவது, அங்கிருந்து வருகிறவரிடம் பதில் வாங்குவது. பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்ததாம் இது. சிதம்பரத்துக்காரன் பரணிலிருந்து பழைய டேப் ஒன்றை இறக்கி, நாடா உரசும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, பெல்ட்டை மாற்றி ஓடவிட்டான். மூன்று பேரும் குனிந்து கேட்டோம்.

இரைச்சல் வந்தது. அப்புறம் ஒரு வாலிபனின் குரல். நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா, புள்ளைக்கு அம்மை போட்டது சரியாயிடுச்சா, இங்க வெயில் ஜாஸ்தி, அடுத்த ரமளானுக்கு வரப் பார்க்கிறேன். அவனுடைய குரல். கேசட்டைத் திருப்பிப் போட்டோம். அந்தப் பக்கமும் அவன்தான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன்தான் மெதுவாகச் சொன்னான். இரண்டு பேருக்கும் ஒரே கேசட்தான் போய்ப் போய் வரும். அவர் பேசி அனுப்புவார். இவன் நாலைந்து தடவை கேட்டுவிட்டு அதன் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவான். அவரும் அப்படியே. புதுக் கேசட் ஒவ்வொரு தடவையும் யார் வாங்குவார்கள்? எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். கடைசியாகப் பேசியது இவன். அதற்குப் பிறகு ஊருக்கே வந்துவிட்டான்.

"அத்தன வருஷம் அவ பேசுனதுக்கு மேலயே பேசியிருக்கேன் மச்சான்" என்றான்.

சிதம்பரத்துக்காரன் டேப்பை நிறுத்தினான். பழைய வேலைக்காரர்கள் என்பதால் மூன்று பேருக்கும் தெரியும், அழிந்ததற்குக் கீழே ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனாலும் பரங்கிப்பேட்டைக்காரன் கேட்டான், கீழே கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று. இல்லை என்று சொல்வதற்குச் சிதம்பரத்துக்காரன் தலையை மட்டும் ஆட்டினான்.

பிறகு போன்களைப் பார்த்தோம். புது போனில் இருந்ததெல்லாம் அவன் குரல் மட்டும்தான். பழைய போனைக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துத்தான் மகளுக்கு ஒன்று வாங்கியிருந்தான். சிதம்பரத்துக்காரன் கடை போன் நிரம்பிவிடும் என்று மாதாமாதம் எல்லாவற்றையும் துடைத்துவிடுவான். மிச்சம் நான்தான். என் போனையும் அதில் இருந்த மெமரி கார்டையும் மேசைமேல் வைத்தேன். வைக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இன்னொருவன் மனைவியின் குரல் எத்தனை நாளாக என் சட்டைப் பையில் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. அவன் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. போனை இரண்டு கையாலும் வாங்கினான்.

பொழுது சாயும் வரை கேட்டோம். சிதம்பரத்துக்காரன் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொன்றாக ஓடவிட்டான். பல் முளைத்த பதிவு வந்தது. ஒரு ஸ்பீக்கரை அவன் பாராட்டிக்கொண்டிருக்க, "அந்த டப்பாவ நிறுத்துனாத்தான் புள்ள தூங்கும்" என்று அவர் சொன்ன பதிவு வந்தது. ஆனால் எல்லாவற்றிலும் அவன் மேலே இருந்தான். போனுக்குப் பக்கத்தில் அவன், வீட்டுக்குள் எங்கோ அவர். அவர் பேச ஆரம்பித்ததும் இவனும் சேர்ந்து பேசுவான், மடக்குவான், சிரிப்பான்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"என் குரல எடுத்துடு மச்சான். எல்லாத்துலயும் நான்தான் கத்திக்கிட்டிருக்கேன். என்ன எடுத்துட்டு அவள மட்டும் வையி."

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பிரித்துத் தருகிற சாஃப்ட்வேர் இப்போது இருக்கிறது. சிதம்பரத்துக்காரன் அதில் போட்டுப் பார்த்தான். இவன் குரல் போனது. ஆனால் போகும்போது அவருடையதையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போனது. மிச்சம் வந்த குரல் தகர டின்னுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. யாரோ அவரை மாதிரிப் பேசிக் காட்டுவது போலவும் இருந்தது. திரும்பத் திரும்ப முயன்றான். கடைசியில் அதை விட்டுவிட்டு, இவன் பேசாத இடங்களை மட்டும் வெட்டி எடுத்தான். இவன் மூச்சு வாங்கிய இடம், இருமிய இடம், டீ குடித்த இடம். அங்கெல்லாம் அவர் முழுசாக இருந்தார். மிக்ஸி சத்தத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டபோது, அது இருக்கட்டும் என்றான்.

எல்லாம் சேர்த்தால் ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குத்தான் வந்தது. ஒரு வாக்கியம்கூட எதைப் பற்றி என்று முழுதாகப் புரியாது. உப்பு கூட, சின்னவன் எங்க, கதவச் சாத்துங்க, கொசு வருது, நேத்தே சொன்னேன்ல. இப்படியே போகும். அதை அவன் தன் போனில் ஏற்றிக்கொண்டு, என் கார்டிலும் ஒன்று போட்டுவைக்கச் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பினான்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அது வழியாகத்தான் மூச்சு. அதை மூட ஒரு மெல்லிய துணி. நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். எங்களைப் பார்த்து வலது கையை நெஞ்சில் வைத்தார். சிதம்பரத்துக்காரன் ஏதேதோ பேசி அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவர் சிரித்தார். சிரிப்புக்கு உரிய சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பரங்கிப்பேட்டைக்காரன் வாசலில் நின்றிருந்தான். முன்னறிவிப்பு இல்லாமல் அவன் வந்ததே கிடையாது. வீட்டுக்கு அழைத்துப்போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னான்.

அந்தப் பதிவை இத்தனை நாளும் கடையில் தனியாகக் கேட்டுவந்திருக்கிறான். போன வெள்ளி, சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். அவர் அடுக்களையில் இருந்தார். தெரியட்டும், கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தானாம். பேரன் விளையாடிக்கொண்டிருந்தவன் எழுந்து ஸ்பீக்கரிடம் ஓடினான். அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். அவர் அடுக்களை வாசலில் வந்து நின்று பிள்ளையைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இவன் போனில் டிங் என்றது. அடுக்களையிலிருந்து அவர் டைப் அடித்து அனுப்பியிருந்தார்.

அவன் எனக்குப் படித்துக் காட்டினான். "நிறுத்துங்க. நான் என்ன மவுத்தாவா போயிட்டேன்?" மவுத்து என்றால் அவர்கள் பேச்சில் சாவு.

என் மனைவி டீ கொண்டுவந்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

அன்றே அதைத் தன் போனிலிருந்து அழித்துவிட்டானாம். அவள் கண்ணெதிரிலேயே அழித்தேன் என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, உன்னிடம் இருக்கிறதல்லவா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். ஹெட்போனை எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனான்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தான். கடைக்குச் சாமான் எடுக்கக் கடலூர் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவான். போகும்போது கையில் காலிப் பை இருக்கும். எங்கள் மூலையிலிருக்கும் கடையில் இரண்டு பாக்கெட் வறுகடலையை வாங்கி உள்ளே போட்டுக்கொள்வான். பரங்கிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறவன், வறுகடலைக்காகக் கடலூர் வந்தானாம். சிதம்பரத்துக்காரனிடம் சொன்னபோது, இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு ஒரு கோழியைக்கூட ஏமாற்ற முடியாது மச்சான் என்றான். சிரித்தோம், ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை.

போன மாதம் அவன் தனியாக வரவில்லை. புதுச்சேரியில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவரையும் அழைத்து வந்தான். எங்கள் வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. என் மனைவி அவரை உள்ளே அழைத்துப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று ஹெட்போனை அவன் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உள்ளே என் மனைவியின் பேச்சு மட்டும் கேட்டது. கேட்பாள், நிறுத்துவாள், மறுபடி பேசுவாள். நடுவில் போன் விசைகள் தட்டுகிற சின்னச் சத்தம்.

அவர்கள் போன பிறகு என் மனைவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து இவர் என்ன செய்கிறார் என்று அந்தம்மா டைப் அடித்துக் கேட்டிருக்கிறார். பாட்டு கேட்பார் என்று இவள் சமாளித்திருக்கிறாள். அவர் தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு இன்னொன்று அடித்துக் காட்டினாராம்.

"என்னன்னு?" என்றேன்.

"அவரு கேக்கட்டும், வீட்ல கேட்டாத்தான் எனக்குத் தாங்கல. எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லாதீங்கன்னு."

அப்புறம் அடித்ததை அவரே அழித்துவிட்டாராம்.

நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் இப்போதும் வருகிறான். கதவைச் சாத்திவிட்டு, தெருவில் யாராவது தெரிந்தவர் நிற்கிறார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உட்காருகிறான். நான் ஹெட்போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவன் கேட்டு முடிக்கும் வரை நானும் என் மனைவியும் அடுக்களையில் பேசாமல் நிற்போம்.